ஐந்து நிமிடத்தில் எழும்பிய மண்டபம்

பிக்கெட் முனை,
டாஸ்மேனியா வடகரை.
ஆகஸ்ட் மாதம். தெளிந்த வானம், பல் கிட்டும் குளிர்.

அன்பும் அறிவும், அன்பைவிட அறிவு சற்றே கூடுதலாகவும் வாய்க்கப்பெற்ற மருமகன் லாக்லனுக்கு,

மாமா மெர்வின் டக்கெட் எழுதுவது. இங்கு நானும் உன் அத்தை பெரிலும் நலம். பூனை எங்களைவிட நலம். அங்கு மெல்பர்னில் நீயும், உன் கட்டட வரைகலை அலுவலகமும், காலையில் விமானம் கிளம்புவதுபோல் சத்தம் போடுமே உன் காப்பி இயந்திரம், அதுவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். ஈஸ்டருக்கு வந்தபோது உன் பழைய கணினியை எனக்குத் தானமாகக் கொடுத்து, "வரைபடத்தை உள்ள இறக்குங்க மாமா, சுவரைப் புடிச்சு மேல இழுங்க, மண்டபம் தானா எழும்பிடும், அஞ்சு நிமிஷ வேலை" என்று சொல்லிவிட்டு மீன் பிடிக்கப் போனாய் அல்லவா? அந்த ஐந்து நிமிடம் நேற்றுத்தான் முடிந்தது. நடந்ததை உனக்கு முறைப்படி தெரிவிக்கவே இந்தக் கடிதம். மின்னஞ்சலிலேயே எழுதியிருக்கலாம், ஆனால் அந்தக் கணினிக்கும் எனக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

எங்கள் பந்துருட்டுக் கிளப்பின் நிலைமை உனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் நீ மீன் பிடிக்கப் போனதால் மறுபடி சொல்கிறேன். பழைய மண்டபத்தின் தகரக் கூரை ஒழுகி, மழை பெய்தால் உள்ளே குடை பிடித்துக்கொண்டு தேநீர் குடிக்கிறோம். கோடைப் பருவம் தொடங்குவதற்குள் புது மண்டபத்துக்கு அனுமதி வாங்காவிட்டால் எங்களைப் பக்கத்து ஊர் ஃபெர்ன்டன் கிளப்போடு சேர்த்துவிடுவோம் என்று மாவட்டச் சங்கம் சொல்லிவிட்டது. ஃபெர்ன்டன்காரர்களை உனக்குத் தெரியாது. புல்வெளியில் பந்தை உருட்டச் சொன்னால் எறிவார்கள், தேநீர் இடைவேளைக்குக் கடையில் வாங்கிய கேக்கைக் கொண்டுவந்து கூச்சமில்லாமல் மேசைமேல் வைப்பார்கள். அவர்கள் நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு விளையாடுவதைவிட நான் மலைமேல் இருக்கும் இடுகாட்டுக்கே போய்விடுவேன். ஆனால் நகர மன்றமோ, மாடி வைத்த மண்டபம் என்றால் முப்பரிமாண மாதிரி வேண்டும், குளிர்கால நிழல் யார் வீட்டின்மேல் விழுகிறது என்று அதில் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் கூட்டத்தில் பேச்சே எடுக்க மாட்டோம் என்கிறது. ஆகவேதான் பழைய சுவரொட்டியின் பின்புறத்தில் நான் கையால் வரைந்து உனக்கு அனுப்பினேன். நம் ஊர் வழக்கப்படி கடலைக் கீழேயும் மலையை மேலேயும் போட்டு, கிளப்புக்குக் கடற்பக்கம் நொரீன் பிரிடியின் வீடு, மலைப்பக்கம் என் வீடு என்று எல்லாவற்றையும் தெளிவாகக் குறித்திருந்தேன். இந்த ஊரில் கடைக்குப் போவது கீழே, கல்லறைக்குப் போவது மேலே, இதைக் குழந்தைகூடச் சொல்லும். நீ அதை அப்படியே கணினியில் நகலெடுத்து, கோடெல்லாம் நேராக்கி, மூலையில் திசைகாட்டும் அம்பு ஒன்றையும் அழகாகப் போட்டு அனுப்பியிருந்தாய். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் இருந்தது. படத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் அதை உள்ளே இறக்கியபோதுதான். இறக்கினேன். திரை வெறுமையாக இருந்தது. கிளப்பின் செயலாளர் கெல்வின், தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன், எதையும் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்ப்பான். அவன் திரையருகே குனிந்து, "தலைவரே, நடுவுல ஒரு தூசி இருக்கு, துடைங்க" என்றான். துடைத்தேன், போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தேன், அப்போதும் போகவில்லை. அது தூசியல்ல, எங்கள் மண்டபம். நீ மீட்டரில் வரைந்ததை இந்த மென்பொருள் மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டதாம். நூறு பேர் உட்கார்ந்து சாப்பிட வேண்டிய மண்டபம் ஒரு கொசு கால் நீட்டிப் படுக்கப் போதாது. ஆயிரம் மடங்கு பெரிதாக்குங்கள் என்று நீ தொலைபேசியில் சொன்னாய். பெரிதாக்கினேன். கணினி யோசித்துக்கொண்டே இருந்தது. நான் சொன்னது அதற்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி ஒரு முறை பெரிதாக்கினேன். அதற்கு முதல் முறையே கேட்டிருக்கிறது. வாசல் எங்கள் ஊரிலும் கழிப்பறை ஃபெர்ன்டனிலுமாக மண்டபம் விரிந்து கிடந்தது. கெல்வின் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதை மாத்தாதீங்க தலைவரே, கழிப்பறை அவங்க ஊர்லயே இருக்கட்டும்" என்றான். அவனுக்குப் பொதுநோக்கு அதிகம்.

ஒருவழியாக அளவு சரியானபின், நீ சொன்னபடி சுவரைப் பிடித்து மேலே இழுத்தேன். ஒன்றும் எழும்பவில்லை. நீ அலுவலகத்திலிருந்து பெருந்தன்மையாக, "எங்கயோ ஒரு கோடு மூடாம இருக்கும் மாமா, தேடிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். தேடிப் பாருங்களாம்! ஊரில் உள்ள ஒவ்வொரு முட்டைக்கும் மயிர் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் நானும் கெல்வினும் மூலை மூலையாகத் தேடினோம். கடைசியில் பின்னல் ஊசியோடு அந்தப் பக்கம் வந்த உன் அத்தைதான் சமையலறை மூலையில் முடியளவு இடைவெளி ஒன்றைக் கண்டுபிடித்தாள். அதை மூடியதும் சுவர் எழும்பியது. சுவரோடு, நீ அழகுக்காகப் போட்டிருந்த மரங்களும் எழும்பின. ஒரு யூகலிப்டஸ் சரியாகப் பெண்கள் கழிப்பறைக்குள் நின்றது. அதை வெட்டி முடித்து உறுப்பினர்களைக் கூப்பிட்டுக் காட்டினால், எல்லோரும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டார்கள். பீர் ஊற்றும் இடத்தைக் காணோம். நீ அதைப் படத்துக்குமேல் போட்ட தனித் தாள்போல் வேறோர் அடுக்கில் வரைந்து, அந்த அடுக்கை மூடிவைத்து அனுப்பியிருக்கிறாய். "கழிப்பறை இருக்கு, பீர் இல்ல. அப்புறம் கழிப்பறை எதுக்கு?" என்று கெல்வின் கேட்டான். பதில் உன்னிடம் இருந்தால் எழுதவும்.

இதெல்லாம் விளையாட்டு. வினையே சூரியனை இயக்கும் பொத்தானில்தான் இருந்தது. ஊரின் பெயரைக் கேட்டது, கொடுத்தேன். ஜூன்தானே இங்கே நடுக்குளிர்காலம், ஜூன் மாதத்து நண்பகல் என்று கொடுத்தேன். மாடி மண்டபத்தின் நிழல் கரேலென்று நீண்டு போய், கடற்பக்கத்தில் நொரீன் பிரிடியின் துணிக்கொடிமேல் படுத்துக்கொண்டது. நான் மனிதன்தான் லாக்லன், சந்தோஷம் கொஞ்சம் வரத்தான் செய்தது. எங்கள் பந்து வேலி தாண்டி விழும்போதெல்லாம் அதைத் திருப்பித் தராமல் பூந்தொட்டி ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறவள் அவள். படம் மன்றத்து அறிவிப்புப் பலகையில் ஏறியதும் நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள். நானும் பெரிலும் அப்போது வெயில் அறையில் இருந்தோம். உனக்குத் தெரியுமே, நான் ஓய்வுபெற்ற வருஷம் பெரிலுக்காகக் கட்டிய கண்ணாடி அறை, குளிர்காலத்தில் கிளப்பின் தகரக் கூரைக்குமேல் சாய்வாக வெயில் வந்து தரையெல்லாம் நிறையுமே, அந்த அறை. குளிர் வந்தால் பெரிலின் விரல்கள் மடங்க மறுக்கின்றன. அந்த வெயிலில் வைத்தால்தான் பின்னல் ஊசி பிடிக்கிறது. இந்தக் கடிதத்தையும் அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

"மெர்வ், குளிர்காலம் முழுக்க என் துணி எங்க காயும்? உன் தலையிலயா?" என்றாள் நொரீன்.

"துணி காயுறது காத்துல, நொரீன். வெயில்ல காயுதுங்கறது பழைய நம்பிக்கை."

"உன் வீட்டுமேல இந்த நிழல் விழுந்தா இப்படிப் பேசுவியா?"

"தாராளமா விழட்டும். ஊருக்காக ஒரு நிழலைக்கூடத் தாங்கலைன்னா நான் என்ன மனுஷன்?"

பெரில் ஊசியை மடியில் வைத்தாள். "மெர்வ், அந்த நிழலு... நம்ம வெயில் வர்றது..." என்று ஆரம்பித்தாள். "பெரில், இதைக் கணக்குப் போட்டது கணினி. நீயும் நானும் இல்ல" என்று சொல்லி அடக்கினேன். நொரீன் ஏதோ சொல்ல வாய் திறந்தவள், சட்டென்று மூடிக்கொண்டாள். பெரிலைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், தரையில் வெயிலில் புரண்டுகொண்டிருந்த பூனையைப் பார்த்தாள். பிறகு வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள். என் வாதத் திறமை அப்படி.

மன்றக் கூட்டத்தில் நான் பேசியதை நீ கேட்டிருக்க வேண்டும். மாமாவுக்கு இப்படியெல்லாம் பேச வருமா என்று அசந்திருப்பாய். ஒரு துணிக்கொடிக்காக ஒரு கிளப் சாவதா என்றேன். வெயில் யாருடைய சொத்து என்றேன். இந்த மண்டபத்தின் நிழலைக் காரணம் காட்டி அண்டை வீட்டார் எவரும், அது யாராக இருந்தாலும், இனி ஆட்சேபம் எழுப்புவதில்லை என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றேன். அண்டை வீட்டார் நாங்கள் இருவர்தான், முதல் கையெழுத்தை நானே போட்டேன், எடுத்துக்காட்டாக. கை தட்டினார்கள். கெல்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அடுத்து நொரீன் எழுந்தாள். சண்டைக்குத் தயாராக நான் கோட்டுப் பொத்தானைப் போட்டால், அவள் பசுபோல் வந்து கையெழுத்துப் போடுகிறாள்! "தலைவர் சொல்றது முழுக்க நியாயம். நான் ஊருக்காகத் தாங்கிக்கறேன். என்ன, கிளப் எனக்குத் துணி உலர்த்துற மெஷின் ஒண்ணு மட்டும் வாங்கிக் கொடுத்துடணும்" என்றாள். அவ்வளவுதானா என்று மேடையிலேயே சம்மதித்துவிட்டேன். வெளியே வரும்போது நொரீன் பெரிலின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சுக்கோ பெரில்" என்றாள். இத்தனை காலம் திருப்பித் தராத பந்துகளை நினைத்துத்தான் சொல்கிறாள் என்று நானும் பெரிய மனதோடு தலையாட்டினேன்.

நேற்று அனுமதி வந்துவிட்டது. ஃபெர்ன்டனில் துக்கம் அனுசரிக்கிறார்கள். வசந்தம் பிறந்ததும் அடித்தளம் தோண்டுகிறோம். உறுப்பினர்கள் மண்டபத்துக்கு என் பெயரை வைக்க வேண்டும் என்கிறார்கள். நான் மறுத்திருக்கிறேன், ஆனால் பலமாக மறுக்கவில்லை. ஐந்து நிமிட வேலை என்று நீ சொன்னது பொய்யானாலும் முடிவு நல்லதாக முடிந்ததால் உன்னை மன்னித்துவிட்டேன். உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல். கழுத்துத் துண்டு போடாமல் வெளியே போகாதே. பெரில் பின்னிய துண்டு ஒன்று இத்துடன் வருகிறது. கடலுக்கு இந்தக் கரையிலிருந்து இரண்டு கிழவர்கள் உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறோம், நீ நன்றாக இரு.

இப்படிக்கு, வெற்றி பெற்ற உன் மாமா,
மெர்வின் டக்கெட்,
தலைவர், பிக்கெட் முனை பந்துருட்டுக் கிளப்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் நீ தொலைபேசியில் கூப்பிட்டு, "மாமா, சும்மா ஒரு சந்தேகம், உங்க ஊர்ல கடல் எந்தத் திசை?" என்று கேட்டாயே. நான் "வடக்கு, இதுகூடத் தெரியாதா?" என்றதும் நீ அவசரமாகத் தொலைபேசியை வைத்துவிட்டாயே. இப்போது புரிந்துவிட்டது. உங்கள் மெல்பர்னில் கடல் தெற்கே. கடல் கீழே இருந்ததைப் பார்த்து, மேலே வடக்கு என்று அம்பு போட்டு அனுப்பிவிட்டாய். எங்கள் ஊரே தலைகீழாக உள்ளே இறங்கியிருக்கிறது. உலகின் இந்தத் தென்பாதியில் வெயில் வடக்கேதான்; கடற்பக்கமிருந்து அடிக்கிற அந்த வெயிலை மலைப்பக்கமிருந்து அடிக்கவிட்டு, என் வீட்டின்மேல் விழவேண்டிய நிழலை நொரீன் வீட்டின்மேல் விழவைத்து, அதற்கு நான் மேடையேறிப் பேசியும் இருக்கிறேன். பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம்தான் வெயிலைப் பார்க்கிறேன், ஆனாலும் திரையைத்தான் நம்பினேன். ஆட்சேபிக்கலாம் என்றால் என் கையெழுத்து முதலில் இருக்கிறது. பெரிலிடம் சொன்னேன். "ரெண்டு தடவை சொல்ல வந்தேன் மெர்வ். வீட்டுல ஒரு தடவை, கூட்டத்துக்குக் கிளம்புறப்போ ஒரு தடவை" என்றாள். கோபிக்கவில்லை. நாற்காலியை ஜன்னலுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டு, கையை வெயிலில் வைத்துக்கொண்டாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை லாக்லன். நொரீன் வேறு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, குளிர்காலத்தில் பெரில் தன் துணிக்கொடிப் பக்கம் வந்து உட்காரலாம், அங்கே நல்ல வெயில் என்று கூப்பிடுகிறாள். உலர்த்தும் இயந்திரமும் வந்து இறங்கிவிட்டது. ஒரே ஓர் உதவி செய். முதன்முதலில் இறக்கியபோது திரையில் தூசியாக வந்ததே ஒரு மண்டபம், அது உன்னிடம் எங்காவது இருந்தால் தேடி எடுத்து மன்றத்துக்கு அனுப்பிவிடு. கெல்வினிடம் பூதக்கண்ணாடி இருக்கிறது, நாங்கள் எப்படியாவது அதற்குள் உட்கார்ந்துகொள்கிறோம்.