முப்பத்தேழு கிலோ

மட்டுவில்,
சாவகச்சேரி.
09.11.2025, ஞாயிறு.

பேரன்புக்குரிய மாமா அவர்கட்கு,

இங்கே அம்மாவும் நானும் சுகம். ஒரு கடிதம் அப்படித்தான் தொடங்கவேண்டும், தொடங்கிவிட்டேன். உங்கள் பிறசர் இப்போது எப்படி? மாமி கறிக்கு உப்பே போடுவதில்லை என்று அம்மா சொன்னார். நல்லது. மாமி சொல்வதைக் கேளுங்கள். ரொறன்ரோவில் குளிர் தொடங்கியிருக்கும். இங்கே மழை. கிணறு அரைவாசிக்கு வந்துவிட்டது.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் "என்ன பிள்ளை?" என்று கேட்டவுடன் எனக்கு அழுகை வரும். அழுதால் விடயம் விளங்காது. விளங்காவிட்டால் நாளை மதியத்துக்குள் நீங்கள் முடிவு சொல்லமுடியாது. ஆகவே மின்னஞ்சலில் ஒரு கடிதம். இப்போது நீங்கள் நித்திரை. எழும்பி, தேநீர் குடித்துவிட்டு, இருந்து வாசியுங்கள். நின்றுகொண்டு வாசிக்கவேண்டாம்.

விடயம் இதுதான். உங்கள் கடைக்கு நாங்கள் அனுப்பிய நூற்றறுபது பெட்டிகளும் கொழும்பில், கப்பலுக்குப் போகாமல், பண்டகசாலையில் நிற்கின்றன. பாரம் கூடிவிட்டது. முப்பத்தேழு கிலோ.

உங்களுக்கும் எனக்கும் உள்ள ஒப்பந்தம் எஃப்.ஓ.பி. கொழும்பு. நீங்கள் அதைச் சொன்னபோது ஓம் என்றுவிட்டு, பிறகுதான் என்னவென்று தேடிப் படித்தேன். சரக்கு கொழும்பில் கப்பலில் ஏறும்வரை எல்லா அபாயமும் அனுப்புபவருடையது. ஏறிய கணத்தில் அது வாங்குபவருக்குக் கைமாறுகிறது. அதன்பிறகு நனைந்தாலும் மூழ்கினாலும் உங்களுடையது. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் மெய்யியல் படித்தேன் மாமா. ஒருவருடைய பொறுப்பு எங்கே முடிகிறது என்று அங்கே எவரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. ஒரு கப்பலின் தட்டு. இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் நீங்கள். படித்த அன்று நன்றாக நித்திரை கொண்டேன்.

பிழையான பட்டியல் அப்படி இல்லை என்று இப்போது தெரிகிறது. அது என் கையெழுத்தோடு கப்பலேறி, உங்கள் பெயரில் இறங்கும். பட்டியலில் இல்லாத ஒரு பொருள் பெட்டிக்குள் அகப்பட்டால், அதற்குப் பிறகு உங்கள் கடைக்கு வரும் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்ப்பார்களாம். இருபத்திரண்டு வருடமாக நீங்கள் காப்பாற்றிய பெயர். என் முதல் ஏற்றுமதி.

வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பெட்டிகளை எண்ணி, நிறுத்து, பாக்கிங் லிஸ்ற்றில், அதுதான் அந்தப் பட்டியலில், கையெழுத்துப் போட்டபோது காலை பத்தேகால். ஒடியல் மா, மிளகாய்த்தூள், மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம். மொத்தப் பாரம் ஆயிரத்துத் தொளாயிரத்து இருபது கிலோ. அதுவரை எல்லாம் உண்மை. உங்கள் மின்னஞ்சலில் சொன்ன இரண்டு விடயங்களையும் அப்படியே செய்தேன். நூற்றறுபதாவது பெட்டியைக் கடைசியாக ஏற்றவேண்டும், கடையில் வேறு யாரும் தொடக்கூடாது, நானே என் கையால் முதலில் திறப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வசனத்தை இங்கே பொதிசெய்யும் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். எல்லோருக்கும் நெஞ்சு நிறைந்துபோயிற்று. கப்பல்காரர் தரும் சரக்குப் பத்திரமான பில் ஒஃப் லேடிங்கில் 'அறிவிக்கவேண்டியவர்' என்றொரு கட்டம் இருக்கிறது, சரக்கு வந்து சேர்ந்ததும் முதலில் செய்தி போகும் ஆள். அதில் உங்கள் கைத்தொலைபேசி மட்டும் வரவேண்டும், வீட்டுத் தொலைபேசி இலக்கம் வேண்டாம் என்று இரண்டு தரம் எழுதியிருந்தீர்கள். எவ்வளவு ஒழுங்கு என்று நினைத்தேன். அந்த ஒழுங்கு என்னிடம் இல்லை.

ஏனென்றால் பத்தரைக்கு ராகுகாலம். "முதல் சாமான் வெளிக்கிடுது, பன்னிரண்டுக்குப் பிறகு எடுக்கட்டும்" என்று அம்மா சொன்னார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. லொறி முற்றத்தில் கதவு திறந்தபடி ஒன்றரை மணித்தியாலம் நின்றது. அதற்குள் ஊர் வந்துவிட்டது. உங்களுக்குத் தெரியும், இங்கிருந்து ஒருவர் கனடாவுக்குப் போகிறார் என்றால் அயலட்டை எல்லாம் ஆளுக்கொரு பொதியோடு வந்து நிற்கும். இம்முறை போவது ஆள் இல்லை, பெட்டி. அந்த வேறுபாட்டை யாரும் பொருட்படுத்தவில்லை. நிறைகுடம் வைத்தார்கள். பெட்டிகளுக்குச் சந்தனம் பூசினார்கள். தேநீர் கொடுத்தோம். "போய்ச் சேர்ந்ததும் ரெலிபோன் எடுக்கச் சொல்லு" என்று யாரோ சொன்னார்கள், நான் சிரித்தேன். பிறகு பதற்றம் தாங்காமல் அறைக்குள் போய் எஃப்.ஓ.பி.யை இன்னொரு தரம் படித்தேன். முற்றத்தைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு ஐந்துக்கு றஞ்சித் அண்ணை லொறியை எடுத்தார். சில்லுக்கடியில் தேசிக்காய் நசிந்தது. எல்லோரும் கைகாட்டினார்கள். இப்போது யோசித்தால், அளவுக்கு மிஞ்சித்தான் கைகாட்டினார்கள்.

சனிக்கிழமை காலை பிரகாஸ் தொலைபேசி எடுத்தான். கொழும்பில் எங்கள் கப்பல் வேலைகளைப் பார்க்கும் முகவர்.

"மிஸ், பேப்பரிலை ஆயிரத்துத் தொளாயிரத்து இருபது. தராசிலை ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தேழு. ரெண்டிலை எது உண்மை?"

"மழையிலை நனைஞ்சிருக்குமோ?"

"முப்பத்தேழு கிலோ தண்ணி குடிச்சால் பெட்டி நிக்காது மிஸ். திங்கள் மத்தியானம் பன்னிரண்டுக்கு முன்னம் சரியான பட்டியல் தாங்கோ. இல்லாட்டி இந்தக் கப்பல் இல்லை."

இந்தக் கப்பல் இல்லையென்றால் பொங்கல் இல்லை. அடுத்தது வந்து சேரும்போது தை முடிந்துவிடும்.

முதலில் சிவக்கொழுந்து அக்காவிடம் போனேன். பெட்டிகளை நாடா ஒட்டி மூடுகிறவர். நான் படலையைத் திறக்கும்போதே அவர் முகம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஒன்பது கிலோ. பிள்ளைப்பெத்தவைக்குச் சமைக்கிற சரக்குத்தூள், நல்லெண்ணெய், பனங்கட்டி.

"மகள் பெத்து இருவது நாள், பிள்ளை. அங்கை ஆர் அவளுக்குச் சரக்கு அரைச்சுக் குடுக்கிறது?"

"அக்கா, பெட்டி போய்ச்சேர ரெண்டு மாசமாகும்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப அடுத்த பிள்ளைக்கு வைக்கட்டும்."

கிறிஸ்ரினா என்னோடு இருந்து பட்டியல் தட்டச்சுச் செய்தவள். அவளைச் சந்தேகிக்கவே இல்லை, துணைக்குத்தான் போனேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "நாலு கிலோ" என்றாள். தேங்காய் துருவுகிற துருவலை. இரும்பு. ஐம்பத்திரண்டாவது பெட்டியில், ஒடியல் மாவுக்கு நடுவில்.

"அங்கை வாங்கினது சறுக்குதெண்டு எங்கடை அக்கா ஒரே அழுகை."

"மெசினிலை விட்டுப் பார்த்தால் கத்தி மாதிரித் தெரியுமே கிறிஸ்ரினா!"

"கத்தி மாதிரித் தெரியாது. பல்லெல்லாம் இருக்கு."

அடுத்த வீட்டுத் தம்பிஐயா, நாற்பது வருடம் தபால் கந்தோரில் இருந்தவர். பொதி என்றால் என்னவென்று நாட்டில் யாருக்காவது தெரியுமென்றால் அவருக்குத் தெரியவேண்டும். அவர் ஆறு கிலோ விபூதி வைத்திருந்தார். மகன் அங்கே வீடு குடிபூருகிறாராம். வெள்ளைத்தூள் மாமா. லேபல் இல்லாத வெள்ளைத்தூள்.

"நான் முறைப்படி அரக்கு வைச்சு, விலாசம் எழுதி, தலைகீழா வைக்கவேண்டாமெண்டும் எழுதியிருக்கிறன். எனக்குப் பொதி கட்டச் சொல்லித்தராதை பிள்ளை."

"ஐயா, சுங்கத்திலை இதை என்னெண்டு நினைப்பினம்?"

"பூசிப் பாக்கட்டும். தெரியும்."

றஞ்சித் அண்ணை கொழும்பிலிருந்து திரும்பாமல் பண்டகசாலை வாசலிலேயே நின்றார். தொலைபேசியில் எடுத்தேன். பதினாலு கிலோ மொட்டைக்கறுப்பன் அரிசி. "எல்லாரும் வைக்கினம். நான்தான் ஏத்திக்கொண்டு போறவன், நான் வைக்காட்டி கனடாவிலை எங்கடை அக்கா என்ன நினைப்பா?" என்றார். பிறகு பெருமையாக, "சந்தேகம் வரக்கூடாதெண்டு பெட்டிக்கு ஒரு கிலோவாப் பிரிச்சு வைச்சனான் தங்கச்சி. ஒண்டிலை இருந்து பதினாலு வரைக்கும்."

ஒன்பதும் நாலும் ஆறும் பதினாலும் முப்பத்துமூன்று. திரும்பத் திரும்பக் கூட்டினேன். முப்பத்துமூன்றுதான்.

மாமா, இங்கேதான் என் பயம் இருக்கிறது. முப்பத்துமூன்று கிலோவும் எந்தெந்தப் பெட்டியில் என்று தெரியும். திறந்து எடுத்துவிடலாம். மிச்சம் நாலு கிலோ. அது யாருடையது, எங்கே, என்ன, தெரியவில்லை. ஊர் முழுக்கக் கேட்டுவிட்டேன். வராதவர்கள் கூடச் சத்தியம் செய்கிறார்கள். ஒருவர், தான் வைக்கவில்லை, ஆனால் இடம் இருந்தால் இப்போது வைக்கலாமா என்று கேட்டார்.

பில் ஒஃப் லேடிங்கின் மாதிரியை பிரகாஸ் அனுப்பியிருந்தான். அதில் சரக்கின் பெயருக்கு முன்னால் ஒரு வசனம் வருகிறது: உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது. கப்பல்காரர் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. நாங்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்கிறார். பெட்டி வெளியே நசியாமல் இருந்தால் அதற்குச் சுத்தமான பில் என்று பெயர். இரண்டு நாளாக நானும் அப்படித்தான் நடமாடுகிறேன். வெளியே நசிவில்லை. உள்ளே பட்டதாரி ஒருத்தி இருப்பதாகச் சொல்லப்படுகிறது.

நீங்கள்தான் சொல்லவேண்டும். ஒன்று, நூற்றறுபது பெட்டியையும் திறந்து அந்த நாலு கிலோவைத் தேடுவது. கப்பல் போய்விடும், உங்கள் பொங்கல் வியாபாரம் போய்விடும். மற்றது, நாலு கிலோவை மறைத்து, முப்பத்துமூன்றை மட்டும் எடுத்துவிட்டு அனுப்புவது. அதில் போவது உங்கள் பெயர். இந்தக் கையால் இன்னொரு பொய்யில் கையெழுத்துப் போடமாட்டேன். போடச் சொன்னால் போடுவேன். எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் என் பிழை. மன்னியுங்கள். கதவைப் பூட்டியிருக்கவேண்டும். உங்களைப்போல் நேரான ஒருவருக்கு இப்படி ஒரு மருமகள் வாய்த்திருக்கக்கூடாது. இனி இந்தத் தொழிலுக்கு நான் வேண்டாமென்று சொன்னாலும் ஏற்றுக்கொள்வேன். ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் கோரியிருக்கிறார்கள்.

பிரதீபா மாமிக்கு என் அன்பு. அவருக்கு இதைச் சொல்லிக் கவலைப்படுத்தவேண்டாம். மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு உங்கள் பெயரில் அருச்சனை சொல்லியிருக்கிறேன். உங்கள் பிறசர் இறங்க, தராசும் இறங்க, அவர் துணை நிற்கட்டும்.

பணிவும் பயமும் உள்ள மருமகள்,
சுபாஜினி

பி.கு.: மேலே உள்ளதை அனுப்புவதற்கு முன் அம்மா தேநீரோடு வந்தார்.

"ஆருக்கு இவ்வளவு நேரமா எழுதுறாய்?"

"மாமாவுக்கு. மிச்ச நாலு கிலோ எங்கையெண்டு தெரியேல்லை எண்டு."

அம்மா கோப்பையை வைத்தார். ஏற்கெனவே துப்புரவாக இருந்த மேசையைத் துடைத்தார்.

"நாலில்லை. மூண்டே முக்கால்."

"என்ன?"

"சுத்தின சீலைத்துண்டோடை நாலு வரும்."

கட்டாக் கருவாடு. நூற்றறுபதாவது பெட்டி. மோர்மிளகாய்க்கு அடியில்.

"என்ரை அண்ணை, உன்ரை மாமாதான் கேட்டவர். கடைசிப் பெட்டியிலை வை, மோர்மிளகாய் மணத்துக்குள்ளை தெரியாது எண்டு. உப்பில்லாமல் திண்டு திண்டு நாக்குச் செத்துப்போச்சாம். உனக்கும் சொல்லவேண்டாமாம், பிரதீபாவுக்கும் சொல்லவேண்டாமாம்."

"ராகுகாலம்?"

"அதுவும் அண்ணைதான். எனக்கு வைக்க நேரம் வேணுமே."

மாமா, கடிதத்தை அழித்துவிட்டு வேறு எழுதலாம். ஆனால் இரண்டு நாள் பயந்தது வீணாகக்கூடாது. ஆகவே முழுவதையும் அனுப்புகிறேன். அதிலுள்ள மன்னிப்புகளை மட்டும் தயவுசெய்து திருப்பி அனுப்பவும்.

உங்கள் முடிவு இனித் தேவையில்லை. பிரகாஸும் றஞ்சித் அண்ணையும் பெட்டிகளைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். நூற்றறுபதாவதைத் திறந்தபோது பண்டகசாலையில் வேலை கொஞ்ச நேரம் நின்றதாம். தராசு இப்போது ஆயிரத்துத் தொளாயிரத்து இருபது காட்டுகிறது. கப்பல் புதன்கிழமை. துருவலையும் விபூதியும் அரிசியும் சரக்குத்தூளும் உங்கள் கருவாடும் லொறியில் ஊருக்குத் திரும்பி வருகின்றன. அம்மா குழம்பு வைப்பார். தம்பிஐயா தவிர எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். அவர் சைவம்.

கடைசியாக ஒன்று. பில் ஒஃப் லேடிங்கை இறுதியாக்கும் முன் பிரகாஸ் கேட்டான்: "அறிவிக்கவேண்டியவர் கட்டத்திலை ஏதும் மாத்தம் இருக்கா மிஸ்?"

ஓம் என்றேன். திருமதி பிரதீபா இராசநாயகம். வீட்டு இலக்கம்.