பூச்சிக்குக் குடியிருப்புச் சான்று

பாகலூருக்கு இந்தப் பக்கம், திம்மராயனின் அவரைத் தோட்டத்தை ஒட்டி மூன்று ஏக்கர் கரடு ஒன்று இருந்தது. அரசாங்கக் காகிதத்தில் அதற்கு 'எதற்கும் உதவாத புறம்போக்கு' என்று பெயர். உண்ணிச்செடி, ஆவாரை, விராலி, முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல் என்று தன் இஷ்டத்துக்கு மண்டிக் கிடக்கும். எதற்கும் உதவாத அந்த இடத்தில்தான் திம்மராயனின் பிழைப்பே இருந்தது என்பது காகிதத்துக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். கார்த்திகைப் பனி இறங்கினால் அவரைப் பூவில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பேன் அப்பிக்கொள்ளும். அப்போது கரட்டிலிருந்து ஒரு பூச்சி கிளம்பி வரும். வைக்கோல் நிறம், ஈர்க்குச்சி உடம்பு, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்காரவைத்த மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருக்கும். அசுவினி கைக்கு எட்டியதும் முன்னங்காலால் இறுக்கிப் பிடித்து, ஊசி மூக்கைச் செருகி, சக்கையாகும் வரை உறிஞ்சிவிடும். ஊரில் அதற்குப் பெயர் கிடையாது. திம்மராயனின் மனைவி முனிலட்சுமி மட்டும் 'நம்ம ஒல்லி' என்பாள். ஒல்லிகளின் புண்ணியத்தில் திம்மராயன் பூச்சிமருந்துக் கடைப் பக்கமே போனதில்லை.

எண்பத்தாறாம் வருஷம் தொழிற்பேட்டை வளர்ந்து வளர்ந்து கரட்டின் ஓரத்தில் வந்து நின்றது. ஒரு கம்பெனிக்கு லாரி நிறுத்த இடம் வேண்டுமாம். நாலு மூலையிலும் கல் நட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்குத் திம்மராயனுக்குச் சோறு இறங்கவில்லை.

அவனுக்குக் கைகொடுக்க வந்தவர் பயிர் நல அலுவலர் சௌந்தரராஜன். தெற்கேயிருந்து மாற்றலாகி வந்தவர், தெற்கேயே திரும்பிப் போக வழி தேடிக்கொண்டிருந்தவர். அந்தச் சமயம் அவருடைய துறையில் ஒரு புது நாகரிகம் பரவியிருந்தது. இருபது வருஷமாகப் பூச்சி என்றாலே கொல்லச் சொன்னவர்கள், பூச்சிகளிலும் நல்லவர்கள் உண்டு என்று ஒரு கருத்தரங்கில் கேள்விப்பட்டு மனம் திருந்தியிருந்தார்கள். ஒவ்வொரு அலுவலரும் தன் எல்லைக்குள் ஒரு நல்ல பூச்சியையாவது காட்டவேண்டும் என்று உத்தரவு. காட்டினால் அந்த இடத்துக்குப் பாதுகாப்பு, காட்டியவருக்கு விரும்பிய ஊர்.

சௌந்தரராஜன் கரட்டுக்கு வந்து ஒல்லியைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி ஒல்லியைப் பார்த்து, "திம்மராயா, இது சாதாரணப் பூச்சி இல்லைய்யா, நன்மை செய்யும் பூச்சி" என்றார். அது திம்மராயனுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். ஆனாலும் ஒரு அதிகாரி வாயால் கேட்டபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

கோப்பு மாவட்டத் தலைநகரான தர்மபுரிக்குப் போனது. அங்கிருந்து ஒரு கேள்வி வந்தது. மாநில எல்லை ஒன்றரை மைலில் இருப்பதால், மேற்படி பூச்சிகள் தமிழ்நாட்டில் நிரந்தரமாக வசிப்பவையா, அல்லது கர்நாடகத்திலிருந்து வந்து தின்றுவிட்டுத் திரும்புபவையா என்பதைத் தெளிவுபடுத்தவும்.

நியாயமான கேள்விதான். சௌந்தரராஜன் கிராம நிர்வாக அலுவலரிடம் போனார். அந்த மனிதர் வாழ்நாளில் யாருக்கும் சான்று இல்லையென்று சொன்னதில்லை. 'மேற்படி பூச்சிகள் மூன்று தலைமுறைகளாக இவ்வூரில் வசித்து வருகின்றன என்பதை நேரில் விசாரித்து அறிந்தேன்' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். ஒல்லிக்கு ஒரு தலைமுறை என்பது ஏறக்குறைய ஒன்றரை மாதம். ஆகவே சான்றில் பொய் எதுவும் இல்லை.

அடுத்த கடிதம் மாதிரி கேட்டது. ஐம்பது பூச்சிகள், உயிருடன். திம்மராயனும் முனிலட்சுமியும் இரண்டு நாள் புல்லைத் தட்டித் தட்டிப் பிடித்து ஊறுகாய் பாட்டிலில் போட்டார்கள். ஐம்பதையும் ஒரே பாட்டிலில் அடைத்தால் என்ன ஆகும் என்று முனிலட்சுமி கேட்டாள். அரசாங்கப் பூச்சியாகிவிட்ட பிறகு அதெல்லாம் ஒழுங்காக இருக்கும் என்றான் திம்மராயன்.

பாட்டில் நாலு மேசை தாண்டி, மூன்றாம் நாள் உரிய மேசைக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே ஒன்றே ஒன்று இருந்தது. நல்ல ஆரோக்கியத்துடன் இருந்தது. குறையும் நாற்பத்தொன்பதுக்கு விளக்கம் கேட்டு சௌந்தரராஜனுக்குக் குறிப்பாணை வந்தது. பசி வந்தால் இவ்வினப் பூச்சிகள் தம்மினத்தையே தின்னும் என்று அவர் பதில் எழுதினார். அலுவலகத்தில் அதைப் படித்தவர்கள் யாருக்கும் அது ஆச்சரியமாக இல்லை. அவ்வளவு பேருக்கும் பதவி உயர்வுப் பட்டியல் வந்திருந்த நேரம் அது. விளக்கம் ஏற்கப்பட்டு, இணை இயக்குநர் வியாழக்கிழமை காலை நேரில் வருவதாகத் தகவல் வந்தது. அவர் கண்ணால் பூச்சியைப் பார்த்துவிட்டால் கரடு தப்பித்தது. பார்க்காவிட்டால் லாரிக்கு.

பெரிய அதிகாரி வருகிறார் என்றால் என்ன செய்யவேண்டும் என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஊராட்சித் தலைவர் வெங்கடப்பன் பத்து ஆளோடு வந்துவிட்டார். பாதை ஓரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். பந்தல் போட இடம் வேண்டுமென்று உண்ணிச்செடியை வெட்டினார்கள். ஜீப் திரும்பவேண்டுமென்று ஆவாரையை வெட்டினார்கள். பேன்ட்டில் ஒட்டுமென்று புல்லைச் செதுக்கினார்கள். சௌந்தரராஜன் வந்து பார்த்து, மேலதிகாரியை ஏதாவது கடித்து வைத்தால் தெற்கே போகும் கனவு போச்சே என்று பயந்து, ஒரு ரவுண்டு மருந்து அடித்துவிடச் சொன்னார்.

திம்மராயன் ஆயுளில் முதல் தடவையாகத் தெளிப்பானைத் தோளில் மாட்டினான். வேறு ஆள் அடித்தால் அரைகுறையாக அடிப்பான் என்று அவனேதான் கேட்டு வாங்கினான்.

முனிலட்சுமி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, ஒல்லிய காட்டத்தான அவர வரச் சொன்னது? எல்லாத்தையும் வழிச்சிட்டா அது எங்க குந்தும்?"

"ஒருநாள் பொறுத்துக்காதா? நம்ம பூச்சிதான. பெரிய மனுசரு வர்ற எடம் முள்ளும் பொதருமாவா இருக்கும்?"

வியாழக்கிழமை இணை இயக்குநர் வந்தார். மாலை போட்டார்கள். செம்மண் தரை பளிச்சென்று கிடந்தது. அவர் நாலு பக்கமும் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு, பூச்சி எங்கே என்று கேட்டார்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சௌந்தரராஜன் புத்தகத்தில் படம் இருப்பதாகச் சொல்லிப் பார்த்தார். வெங்கடப்பன் இளநீர் வெட்டச் சொன்னார். திம்மராயன் இணை இயக்குநருக்குப் பக்கத்தில் வந்து, செதுக்கிய புல்லின் அடிக்கட்டைகளைக் காலால் கிளறிப் பார்த்தான்.

எங்கிருந்து தப்பியதோ, ஒரு ஒல்லி தடுமாறிப் பறந்து வந்து இணை இயக்குநரின் வெள்ளைச் சட்டைக் கையில் உட்கார்ந்தது. அடக்கமாக உட்கார்ந்தது.

சட்டென்று ஒரு கை நீண்டு பட்டென்று அடித்தது. திம்மராயனின் கை.

"மன்னிச்சிக்கங்க சார், பூச்சி" என்றான்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. முனிலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இணை இயக்குநர் மட்டும் சட்டையைத் தட்டிவிட்டு, விவரமான ஆள் என்று அவனைப் பாராட்டினார்.

ஒரு மாதத்தில் இறுதி ஆணை வந்தது. 'ஆய்வின்போது ஒரேயொரு பூச்சி காணப்பட்டது. அது அலுவலரின் சட்டையில் இருந்தமையால், அவருடன் தர்மபுரியிலிருந்து வந்ததாகவே கருதப்படுகிறது. உள்ளூர்ப் பூச்சி ஏதும் இல்லை. இடம் தூய்மையாகவும் சமதளமாகவும் இருப்பதால் லாரி நிறுத்த மிகவும் உகந்தது.' கூடவே, பூச்சிக் கட்டுப்பாட்டில் காட்டிய முனைப்புக்காகத் திம்மராயனுக்கு ஒரு புதுத் தெளிப்பான் பரிசு. சௌந்தரராஜனுக்கும் மாற்றல் கிடைத்தது, இன்னும் வடக்கே.

அடுத்த கார்த்திகையில் அவரை முழுக்க அசுவினி. பரிசுத் தெளிப்பானால் மூன்று முறை அடித்தும் பூவெல்லாம் கறுத்துக் கருகிவிட்டது. கரட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. திம்மராயன் வரப்பில் உட்கார்ந்து தன் கையைத் தானே திட்டிக்கொண்டான். இனி எந்த அதிகாரி வந்தாலும் துரும்பைக்கூட நகர்த்துவதில்லை என்று முனிலட்சுமியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அவளும் ஆமாம் என்றாள்.

அந்த வாரமே வெங்கடப்பன் சைக்கிளில் வந்தார். வெள்ளிக்கிழமை கம்பெனி விழாவுக்கு ஒரு மந்திரி இந்தப் பாதையில் போகிறாராம். நிற்கமாட்டார், ஜன்னல் வழியாகப் பார்த்தாலும் பார்ப்பார்.

திம்மராயன் கருகிப்போன தோட்டத்தைப் பார்த்தான். பாதையைப் பார்த்தான்.

"சும்மா வரப்புக் கல்லுக்கு மட்டும்" என்றான், மனைவி முகத்தைப் பார்க்காமல். "ஊட்ல சுண்ணாம்பு கீதா?"

முனிலட்சுமி உள்ளே போய் வாளியை எடுத்து வந்தாள். மந்திரி வரும் செய்தி தண்ணீர்க் குழாயடிக்கு முதல்நாளே வந்துவிட்டது. அவள் நேற்றே ஊறவைத்திருந்தாள்.