எழும்பாத பிரௌனி

பிரம்மதேசம்,
வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

பாண்டிச்சேரியில் வெள்ளைக்கார அம்மா பங்களாவில் சமையல் பார்க்கும் அன்பு மச்சான் தேவநாதனுக்கு, மாமா தாண்டவராயன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் எருமையும் சௌக்கியம். உன் அக்கா செண்பகம் சௌக்கியமா என்று நீதான் அவளைக் கேட்டு எனக்கு எழுத வேண்டும். கொல்லையில் மல்லாட்டைக் கடலை பிடுங்குகிற வேலை என்று உன் மகள் காதுகுத்துக்கு நான் வராமல் போனேன் இல்லையா, அன்றையிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை. எல்லாம் எருமையிடம்தான். "ஏ கருப்பி, கேப்பைக்களி ஆறிப்போவுது, ஊட்ல ஆம்பள யாருனா இருந்தா துன்னச் சொல்லு." நானும் கருப்பியிடம் சரியென்று சொல்லிவிட்டுப் போய்ச் சாப்பிடுகிறேன்.

காதுகுத்தில் நீ போட்ட சாக்லெட் பிரௌனியைப் பற்றி மட்டும் தெருவெல்லாம் சொல்லிக்கினு இருக்கா. அதையே செஞ்சு குடுத்தா வாயைத் தொறப்பான்னுதான் உன்கிட்ட பக்குவம் கேட்டேன், நீயும் எழுதி, கோக்கோ டப்பாவும் அனுப்பின. அதுல வெண்ணெய்ன்னு போட்டிருந்த. வீட்டு வெண்ணெய்ல கை வச்சா அவளுக்குத் தெரிஞ்சிடும். திருவெண்ணெய்நல்லூர்னு பேரு வச்ச ஊர்ல கிடைக்காமலா போவும்னு, விழுப்புரத்துல பஸ் மாறிப் போனேன். பக்கத்து சீட்டுல ஒருத்தர் மடியில கோழிக்கூடை, அது என் வேட்டியை நனைச்ச கதையை நேர்ல சொல்றேன். போய்ப் பார்த்தா எந்தப் பக்கம் திரும்பினாலும் கரும்பு. டீக்கடைக்காரர் கேட்டார்: "வெண்ணெய்ங்களா? திண்டிவனத்துல நல்லதா கிடைக்குமே, நீங்க எந்தூரு?" நம்ம ஊரே திண்டிவனத்துப் பக்கம்தான்னு நான் சொல்லல, திரும்பி வந்து அங்கேயே வாங்கினேன்.

உன் பக்குவத்துல முட்டையும் இருக்குது, வெள்ளிக்கிழமை முட்டை வீட்டுக்குள்ள வரக்கூடாது. அதனால இன்னிக்கு அவ விரதத்தோட கோயிலுக்குப் போனதும், மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால கல்லு கூட்டி, அண்டாவுல மணல் கொட்டி, மாவுத் தட்டை உள்ள வச்சு, மூடி மேல நெருப்பும் போட்டேன். வாசனை புடிச்சிக்கினு பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் வந்துட்டா.

"இன்னாண்ணே, பொண்டாட்டி இல்லாத நேரமா பாத்து ஆக்கித் துன்றியா?"

"அவளுக்குத்தாம்மா. கேக்கு மாதிரி."

மூடியைத் தொறந்தா மேல வெடிச்சுக் கெடக்குது, ஏரி காஞ்ச மாதிரி. அஞ்சம்மாள் தென்னங்குச்சியால குத்தினா, நடுவுல ஒட்டிக்கினு வந்துது.

"கேக்குன்னா இட்லியாட்டம் எழும்பணும். இது வறட்டியாட்டம் படுத்துக்கினு கீது. எருமைக்கு வச்சிடுண்ணே."

கழுநீர்த் தொட்டி ஓரத்துல தட்டை வச்சிட்டு வந்து இதை எழுதுறேன். மச்சான், உன் பக்குவம் சுத்தத் தப்பு. இனிமே யாருக்கும் எழுதிக் குடுக்காதே. நீயே வந்து உன் அக்காவைச் சமாதானம் பண்ணு, இல்லாட்டி என் காலம் கருப்பியோடதான்.

உன் மகள் காதுப் புண் ஆறி, கம்மல் போட்டு நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
வராமல் போன மாமா,
தாண்டவராயன்.

பின்குறிப்பு: கவர் ஒட்ட சோத்துப் பருக்கை எடுக்கப் போனேன். கோயில்லேர்ந்து வந்தவ தொட்டித் திட்டுல குந்திக்கினு, மடியில தட்டு, விரலால வழிச்சிக்கினு இருக்கா. "தம்பி செஞ்சதும் இப்பிடித்தான், தட்டையா, நடுவுல பிசுபிசுன்னு. வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்." என் மூஞ்சியைப் பாத்து சொன்னா மச்சான், எருமையை இல்ல. அந்தச் சந்தோஷத்துல எனக்கும் ஒரு துண்டு கேட்டேன். அந்தாண்ட திரும்பிக்கினு, "ஏ கருப்பி, காதுகுத்துக்கு வந்தவங்களுக்கு மட்டுந்தான்னு சொல்லு" ன்னா. ஆனா சிரிச்சா. மேல எழுதினதை விட்டுடு, இன்னொரு டப்பா அனுப்பு. பிரௌனியில முட்டை இருக்குதுன்னு மட்டும் அக்காவுக்கு எழுதிடாதே. இன்னிக்கு வெள்ளிக்கிழமை.