கடைசி நம்பர்

நெட் சென்டரை விட்டு உப்பளப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். வேலை போவது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு ஊர் ஊராகத் திரிந்தவனுக்கு அது பஸ் மாறுவது மாதிரி. ஆனால் ஒரு நம்பரை மாற்றி வேலையை இழந்தது அந்த 2005இல் மட்டும்தான்.

மரக்காணத்தில் அந்தக் கடையைப் பெருக்குவது, வருகிறவர்களை உட்காரவைப்பது என் வேலை. கம்ப்யூட்டரெல்லாம் பஷீர் பொறுப்பு. துபாய்க்கு மெயில் போட வரும் பெண்கள், என்னைப் பார்த்துக்கொண்டே, "பஷீர் தம்பி இல்லியா?" என்பார்கள். (நான் என்ன, ஸ்டூலா?)

அப்போது ஒரு டாக்டர் வெப்சைட் இருந்தது. வெட்கப்படாமல் எதையும் கேட்கலாம், பேர் வெளியே வராது என்று போட்டிருந்தது. நானும் ஒன்று கேட்டிருந்தேன். பதில் வந்ததா என்று தேடும்போது, என் கேள்விக்குக் கொடுத்திருந்த வெப் முகவரியின் கடைசி நம்பரைத் தவறாக அடித்துவிட்டேன். வேறு யாரோ கேட்டது பேரோடு, ஊரோடு வந்து நின்றது. பூட்டிலேயே சாவியைத் தொங்கவிட்ட வீடு. அன்று முழுக்க நம்பர் மாற்றினேன். பஷீர் அகப்பட்டான்: "வயசு இருபத்து நாலு. முடி கொட்டுது. கல்யாணம் ஆகுமா?"

பிரிண்ட் எடுத்து வாசலில் ஒட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள், மெயில் போட வந்திருந்த ஜரீனா அக்காவைத் தவிர.

"ஏம்பா, நானும் இங்கேந்துதான் அதுல எழுதினேன். என்னுதும் தெரியுமா?"

நான் படித்திருந்தேன். (என்னவென்று இப்போதும் சொல்லமாட்டேன்.)

பஷீர் தாளைக் கிழித்தான். "இந்த ஓட்டையைச் சொல்லி ரெண்டு மாசமா அவங்களுக்கு மெயில் போடுறேங்க்கா. இன்னிக்கு போனே போட்டு உங்களுத அழிக்க வெச்சுடுறேன்."

பிறகு என் காதருகில் குனிந்தான். "உன்னுதையும் அப்பவே படிச்சேன்டா. யார்கிட்டயும் சொல்லல."

நான் டாக்டரிடம் கேட்டிருந்தது இதுதான்: "கூட வேலை செய்யும் பஷீரைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. மாத்திரை உண்டா?"

முதலாளி பாய் எழுந்தார். "கடைக்கு வர்றவங்க மானத்தை செவுத்துல ஒட்டுறியே. கெளம்புப்பா."

பஷீர் இன்றுவரை வாய் திறக்கவில்லை. கல்யாணமான புதிதில் நானேதான் உளறினேன். பக்கத்து வீட்டுக்குப் புது பைக் வந்தால், என் மனைவி தண்ணீர் டம்ளரை நீட்டி, "மாத்திரை போட்டீங்களா?" என்பாள்.

வேலை போன மறுநாள் காலையே உப்பளத்தில் உப்பு வாரும் வேலை கிடைத்தது. மேஸ்திரி எதுவுமே விசாரிக்கவில்லை. "பஷீர் நேத்தே வந்து சொல்லிட்டான், நல்ல பையன், சேத்துக்கங்கன்னு" என்றார்.

பாத்தியில் இறங்கினேன். கால் வெடிப்பில் உப்புத்தண்ணீர் எரிந்தது. வயிறு அதைவிட எரிந்தது.