பரிசு கொடுக்க வந்த சீப் கெஸ்ட் அம்மா

சிறப்பு விருந்தினராக வந்து, பரிசு கொடுத்து, பொன்னாடை வாங்கிக்கொண்டு, அப்புறம் ஊருக்கே திரும்பாத ஆள் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் ஜவ்வாது மலையில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிர் வீட்டில் குடியிருக்கிறார்.

மலை முழுக்க அவருக்கு 'சீப் கெஸ்ட் அம்மா' என்றுதான் பெயர். ஒரு காலத்தில் இந்திய கூடைப்பந்து அணியில் ஆடியவர். ஆறடிக்கு மேல் உயரம். ஷேர் ஜீப்பில் உட்கார்ந்தால் தலைக்கு இடம் இருக்காது. வெளியே நீட்டிக்கொண்டுதான் வருவார். எதிரே வரும் லாரிக்காரர்கள் தலைக்குப் பயந்து ஒதுங்கி வழிவிடுவார்கள்.

எங்கள் விளையாட்டு விழாவில் மைக் பிடித்தவன் நான், கணக்கு வாத்தியார். மேடையில் பரிசு கொடுக்கும்போது எவர்சில்வர் டப்பா ஒன்று சரிந்து விழுந்தது. கீழே நின்ற வள்ளிம்மா என்ற எட்டாம் வகுப்புப் பெண், திரும்பிக்கூடப் பார்க்காமல் அதை ஒரு கையால் பிடித்தாள். சீப் கெஸ்ட் அசந்துபோனார்.

"இன்னொரு தபா புடி" என்று ஒரு டம்ளரை எறிந்தார். பிடித்தாள். தட்டு, கிண்ணம், டிபன் கேரியர் என்று மேசை காலியாகும்வரை எறிந்தார். எல்லாவற்றையும் பிடித்தாள். பரிசு வாங்க வேண்டிய பிள்ளைகள் வரிசையில் நின்று அழ ஆரம்பித்தார்கள்.

"பந்து புடிச்சிருக்கியா?"

"இல்லீங்க. பலாக்காய் புடிச்சிருக்கேன். அப்பா மரத்துமேல இருந்து போடுவாரு."

சீப் கெஸ்ட் என் பக்கம் திரும்பினார். "சார், காரை அனுப்பிடுங்க. நான் நாளைக்குப் போய்க்கிறேன்."

அந்த 'நாளைக்கு' இன்னும் வரவில்லை.

வாடகைக்கு வீடு பிடித்தார். பதக்கங்களை மொத்தமாகப் பால் பாத்திரத்து மூடிமேல் அடுக்கினார். பூனை தள்ளாமல் இருக்கவாம். செங்கத்தில் வெல்டிங் பட்டறையில் இரும்பு வளையம் செய்துவந்து, சாமை அடிக்கும் களத்தின் ஓரத்தில் கம்பம் நட்டு மாட்டினார். களத்துக்காரர் பெரியசாமி கொதித்துப்போனார்.

"எம்மா, தானியம் காயப்போடற எடத்துல இன்னா இது?"

"பாதி உனக்கு, பாதி எனக்கு. உன் பாதியில பந்து வந்தா எங்களுக்கு ஃபவுல்."

பத்து நாளில் பெரியசாமி சாமையை மறந்துவிட்டு, கையில் துடைப்பத்தோடு "ஃபவுலு! ஃபவுலு!" என்று ஓடிக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. பந்து எந்தத் திக்கில் வந்தாலும் வள்ளிம்மா பிடித்தாள். மாவட்டப் போட்டிக்குப் பேர் கொடுத்த வாரம், திடீரென்று அவளைக் காணோம். குடும்பத்தோடு காப்பித் தோட்ட வேலைக்குக் கிளம்புகிறார்கள் என்று சேதி வந்தது. அப்படிப் போன பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவது அபூர்வம். சீப் கெஸ்ட் என்னை இழுத்துக்கொண்டு, பழுதான முட்டியோடு மேட்டில் ஏறினார்.

வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வள்ளிம்மாவின் அப்பா நிமிர்ந்தார். "பந்து சோறு போடுமாம்மா?"

"எனக்குப் போட்டுச்சு. இவளுக்குப் போடுமான்னு தெரியாது. பொய் சொல்ல மாட்டேன். ஆனா படிப்பு நிக்காது. நீங்க வர்ற வரைக்கும் புள்ள என் வூட்ல இருக்கட்டும்."

"வயசுப் புள்ளையத் தனியா வுட்டுட்டா?"

வள்ளிம்மாவின் அம்மா எழுந்தார். "இன்னா தனியா? அந்தம்மா ஒருத்தங்களே ரெண்டாள் ஒசரம் இருக்காங்க. புள்ள படிக்கட்டும். நாம ரெண்டு பேர் மட்டும் போலாம்."

அப்பா பதில் சொல்வதற்குள், இறங்கத் திரும்பிய சீப் கெஸ்ட்டின் முட்டி மடங்கிவிட்டது.

மூங்கிலில் கம்பளி கட்டி நோயாளிகளைத் தூக்கிப்போகும் டோலியில் அவரை ஏற்றினோம். கால்கள் வெளியே தொங்கின. முன்னால் வள்ளிம்மாவின் அப்பா, பின்னால் நான். சாக்பீஸுக்கு மேல் கனமாக எதையும் தூக்கிப் பழகாத தோள் என்னுடையது.

"சார், பாஸ் பண்ணிடாதீங்க! புடிச்சிக்கினே வாங்க!" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டபடியே வந்தார். பாதி வழியில் குரல் தணிந்தது.

"ஃபைனல்ல முட்டி போனப்பவும் இப்டித்தான் தூக்கினாங்க. ஆஸ்பத்திரில வுட்டுட்டு ஆட்டத்துக்குப் போய்ட்டாங்க. கப்பு ஜெயிச்சோம். அப்புறம் ஒருத்தரும் வந்து பாக்கல."

முன்னால் நடந்தவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "காலைல நான் வர்றேன்மா."

வந்தார். ஒரு கையில் தேன் பாட்டில், மறு கையில் வள்ளிம்மாவின் துணிப்பை. பின்னாலேயே வள்ளிம்மா.

போட்டியில் தோற்றோம். சாதாரணத் தோல்வியில்லை, எதிர் அணிக்காரர்களே பாவப்பட்டு எங்கள் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். சீப் கெஸ்ட் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்து, "மொத ஆட்டத்துல நான் இதைவிட மோசம்" என்றார். அடுத்த வருஷம் அரையிறுதி. இப்போது வள்ளிம்மா வேலூரில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி படிக்கிறாள். களத்தில் இடம் போதவில்லை. பெரியசாமி தன் பாதியையும் கொடுத்துவிட்டார். தூரத்து மலைக்கிராமமான நெல்லிவாசலிலிருந்தும் பிள்ளைகள் நடந்து வருகிறார்கள்.

போன வாரம் சீப் கெஸ்ட் அணியோடு வெளியூர் போயிருந்தார். பள்ளிக்கூடம் எந்தச் சத்தமும் இல்லாமல், நிம்மதியாக, ஒழுங்காக நடந்தது. நான்தான் கணக்குப் போடும்போதெல்லாம் எதிர் வீட்டுக் கதவைப் பார்த்துப் பார்த்து, கரும்பலகையில் தப்புத் தப்பாக எழுதிக்கொண்டிருந்தேன்.