மாப்பிள்ளை இருக்கையில் ஒரு மஞ்சள் கட்டம்

காலியாகக் கிடந்த மாப்பிள்ளை இருக்கையின் மீது மஞ்சள் கட்டம் மூன்றாவது முறையாக வந்து நின்றபோது, நஜ்மியா காமிராவைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தாள். மேடை சோஃபாவின் ஒரு பாதியில் மணப்பெண் ரிஹாம் இருந்தாள். விருந்து முடியும்போது மாப்பிள்ளை வந்து உட்கார வேண்டிய மறு பாதியில் ஒரு குஞ்சம் வைத்த தலையணை இருந்தது. அவ்வளவுதான்.

திரும்பக் காமிராவை உயர்த்தினாள். மனுஷக் கண் எங்கே இருக்கிறதோ அங்கே தானாகப் போய்க் கட்டம் போட்டு, அந்த இடத்தைத் தெளிவாக்கும் புதுக் காமிரா அது. ரிஹாமுக்கு இரண்டு பெரிய கண்கள், அதற்கு மேல் ஒரு மணி நேரம் தீட்டிய மை. அதைத் துளியும் சட்டை செய்யாமல், தலையணைக்கு ஒரு முழம் மேலே, வெறும் காற்றில் கட்டம் போட்டது.

"சுகைனா, இங்க வா. இது என்னத்தப் பாக்குது?"

விளக்குக் குடையைப் பிடித்துக்கொண்டிருந்த சுகைனா எட்டிப் பார்த்தாள். நஜ்மியாவின் நாத்தனார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், விடுமுறை நாளில் அண்ணிக்கு ஒத்தாசை. "குஞ்சத்தைக் கண்ணுன்னு நெனச்சுக்கிச்சு போல அண்ணி. தலகாணிய எடுத்துட்டாப் போச்சு."

தலையணையை எடுத்தார்கள். அதற்கு அடியில் போன வாரக் கல்யாணத்தில் யாரோ கொட்டிய மாதுளைச் சாற்றின் கறை, ஒரு தட்டு அகலத்துக்கு இருந்தது. கட்டம் அசையவில்லை.

"ஏம்மா நஜ்மியா! என் மேடைய அலங்கோலப்படுத்தவா உன்னக் கூப்பிட்டேன்?" கீழேயிருந்து குரல் வந்தது.

ஹஜ்ஜா மர்தியாவின் குரல். மணப்பெண்ணின் தாய், இந்தப் பெண்கள் ஹாலுக்குச் சொந்தக்காரி. திரிப்போலி நகரத்தில் பாதிக் கல்யாணம் இந்த ஹாலில்தான் நடக்கும். ஹாலுக்கு நிரந்தரப் படக்காரி ஒருத்தி வேண்டும் என்று ஹஜ்ஜா ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தாள். இன்றைக்குத் தன் மகள் கல்யாணத்தையே பரீட்சையாக வைத்திருந்தாள். "படம் பளிச்சுன்னு இருந்தா ஹால் உனக்கு. மங்கலா இருந்தா இந்தப் படி ஏறாதே. அந்தப் பழைய டப்பாவத் தூக்கிட்டு வராதே, புதுசு வேணும்" என்று முன்னாலேயே சொல்லிவிட்டாள். அதற்காகத்தான் நஜ்மியா தன் தம்பியை இஸ்தான்புல்லுக்கு விரட்டி இந்த மிரர்லெஸ் காமிராவை வரவழைத்தாள். அது வந்து நான்கு நாள்தான் ஆகிறது. கூடவே வந்த புத்தகம் முழுக்கத் துருக்கி மொழியில் இருந்தது.

பழைய டப்பா என்றால் பழைய டப்பாவேதான். பதின்மூன்று வருஷத்து டி.எஸ்.எல்.ஆர்., வாங்கும்போதே கடையில் இருந்ததிலேயே சின்னது. உள்ளே ஒரு கண்ணாடி, பட்டனை அமுக்கினால் அது மேலே போய்க் கீழே வந்து 'சடக்' என்று அறையும். ஹால் முழுக்கக் கேட்கும். அதற்காகவே பெண்கள் அதை நம்பினார்கள். உள்ளே எல்லாரும் முக்காடில்லாமல், தலைமுடி விரித்து, தோள் தெரியும் உடையில் இருப்பார்கள். வாசலிலேயே போன்களைப் பிடுங்கித் தட்டில் போட்டுவிடுவார்கள். படக்காரி ஒருத்தி மட்டும்தான் படம் எடுக்கலாம், அதுவும் கேட்டு எடுக்க வேண்டும். 'சடக்' கேட்டால் எடுத்துவிட்டாள் என்று அர்த்தம். கேட்காவிட்டால் ஹாயாக முதுகைச் சொறியலாம்.

புதுசுக்கு உள்ளே கண்ணாடியும் இல்லை, சத்தமும் இல்லை.

நஜ்மியா எடுத்த இருபது படங்களைத் திரையில் ஓட்டிப் பார்த்தாள். ரிஹாம் மங்கல். சோஃபாவின் சாய்மானமும் மங்கல். இரண்டுக்கும் நடுவே, ஒரு ஆள் உட்கார்ந்தால் முகம் எங்கே இருக்குமோ அந்த இடத்தில் மட்டும் காற்றில் மிதந்த ஜரிகைத் தூசு ஒவ்வொன்றாக எண்ணும் அளவுக்குத் தெளிவாக இருந்தது.

"இந்தக் கட்டத்த நிறுத்துடி, எங்கயாவது பட்டன் இருக்கும்."

"துருக்கியில இருக்கே அண்ணி. இதுவா இருக்கும்னு நெனக்கிறேன்." சுகைனா எதையோ தட்டினாள்.

கட்டம் நிற்கவில்லை. காமிராவுக்குச் சத்தம் வந்தது. 'பீப்' என்று, அச்சு அசல் போன் படம் எடுப்பது போல.

"போன்! உள்ள யாரோ போன் வச்சிருக்கா!" முதல் மேஜையில் ஒருத்தி கத்தினாள்.

அடுத்த கால் மணி நேரம் நடந்ததைச் சொல்லவே கூச்சம். வாசல்காரி மஸ்ஊதா சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். இரண்டு ஆள் அகலம், இருபது வருஷ அனுபவம். முந்நூறு கைப்பைகளை மறுபடியும் கொட்டிப் பார்த்தாள். ஒரு போன்கூட இல்லை. மக்ரூத் இனிப்பைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோகப் பதுக்கிய பதினோரு பேர் பிடிபட்டார்கள். அதில் மூன்று பேர் மாப்பிள்ளை வீட்டார். ஹஜ்ஜா மர்தியா நஜ்மியாவைப் பார்த்த பார்வையில் ஹாலின் கதவு பாதி மூடிவிட்டது.

"என் ரொட்டியில மண்ணப் போட்டுட்டியேடி" என்று சுகைனாவிடம் பல்லைக் கடித்துவிட்டு, நஜ்மியா பையிலிருந்து பழசை எடுத்தாள்.

பழசின் துளையில் கண்ணை வைத்தாள். ரிஹாம் இருந்தாள், சோஃபா இருந்தது, மாதுளைக் கறை இருந்தது. இருக்கை காலி. அப்பாடா என்று இருந்தது. புதுசில் பார்த்தாள், கட்டம். பழசில் பார்த்தாள், காலி. புதுசு, கட்டம். பழசு, காலி.

"பழசு நீ பாக்குறதக் காட்டுது அண்ணி. கண்ணாடியில பட்டு நேரா உன் கண்ணுக்கு வருது. புதுசு அப்படி இல்ல, அது பாத்துட்டு உனக்குச் சொல்லுது." சுகைனாவின் குரல் இறங்கியிருந்தது.

"அப்ப யாரு பொய் சொல்றது?"

"ரெண்டும் பொய் சொல்லலன்னா?"

"வாய மூடு." நஜ்மியா பழசில் ஒரு படம் எடுத்தாள். சடக்.

"நஜ்மியா! அந்த டப்பா சத்தம் எனக்குக் கேக்குது!" ஹஜ்ஜா மேடை ஏறியே வந்துவிட்டாள். "புதுசு என்னாச்சு? எடு. காட்டு."

மறைக்க முடியவில்லை. ஹஜ்ஜா திரையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள், பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். மஞ்சள் கட்டம் மூச்சு விடுவது போல லேசாகப் பெருத்துச் சிறுத்துக்கொண்டிருந்தது.

"அங்க யாரு உக்காந்திருக்கா?" என்றாள், நல்ல உரத்த குரலில்.

மேளமடித்துப் பாடிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள். ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குச் சேதி ஓடியது. பேய், ஜின் என்று எவளாவது மயங்கி விழுவாள் என்று நஜ்மியா எதிர்பார்த்தாள். ஆனால் திரிப்போலிப் பெண்களை அவள் இத்தனை வருஷம் படம் எடுத்தும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். அது ஆம்பளையா, பொம்பளையா?" என்று கேட்டாள் மாப்பிள்ளையின் பெரியம்மா.

ஹாலில் அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. கைகள் தோள்களை மறைத்தன. எல்லாரும் மஸ்ஊதாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்குறீங்க? சாயங்கால அஸர் தொழுகையிலேருந்து அந்தக் கதவ விட்டு நகரல. ஒரு ஆம்பளப் பூனகூட உள்ள வரல!" மஸ்ஊதா மார்பில் அடித்துக்கொண்டாள்.

"அது கதவு வழியா வரும்னு யாரு சொன்னா?"

"எப்படி வந்தாலும் என் கதவு வழியாத்தான் வரணும்!"

சாம்பிராணி போடச் சொன்னார்கள். போட்டார்கள். புகையில் ரிஹாம் இருமி இருமிக் கண் மை கன்னத்துக்கு வந்தது. கட்டம் அசையவில்லை. ஆனால் புகை அந்த இருக்கைக்கு வந்ததும் இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போயிற்று. அதைக் கவனித்தவள் சுகைனா ஒருத்திதான். அவள் விளக்குக் குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

ரிஹாமுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நாளைக்கு நான் மால்டாவுக்குப் போயிடுவேன். அங்க எனக்கு யாரைத் தெரியும்? என் கல்யாணத்துல எனக்கு ஒரே ஒரு படம் வேணும் அக்கா. ஒண்ணே ஒண்ணு, என் மூஞ்சி தெரியுற மாதிரி."

ஹாலாவது மண்ணாவது, இந்தப் பெண்ணுக்கு ஒரு படம் எடுத்துக் கொடுக்காமல் இறங்கக் கூடாது என்று நஜ்மியாவுக்குத் தோன்றியது. "யாராவது அந்த எடத்துல உக்காருங்க. கட்டம் அவங்க மேல வந்துடும், எல்லாம் சரியாப் போயிடும்" என்றாள்.

முந்நூறு பேரும் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் மாப்பிள்ளையின் அக்கா எழுந்தாள். மக்ரூத் கேஸில் பிடிபட்ட மூவரில் ஒருத்தி, மானத்தை மீட்க வேண்டியிருந்தது. பிஸ்மில்லா சொல்லி, இருக்கையின் நுனியில் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்தாள்.

கட்டம் அவள் முகத்தில் நிற்கவில்லை. சட்டென்று மேலே ஏறியது. அவள் தலைக்கு மேல், பக்கவாட்டில், ஒரு ஆள் எழுந்து நின்றால் இருக்கும் உயரத்தில் போய் நின்றது.

நஜ்மியா அதை உளறியிருக்கக் கூடாது. உளறிவிட்டாள். "எந்திரிச்சு நின்னுடுச்சு."

"பொம்பளைக்கு எடம் விட்டு எந்திரிச்சதா?" பெரியம்மா கேட்டாள்.

"ஆமா."

"மரியாதை தெரிஞ்ச ஆம்பள!" என்று அலறினாள் பெரியம்மா.

அவ்வளவுதான். முந்நூறு கருப்பு அங்கிகள் ஒரே நேரத்தில் காற்றில் பறந்தன. மேஜை கவிழ்ந்தது, பச்சைத் தேநீர்க் கோப்பைகள் உடைந்தன, ஒருத்தி அங்கியை இன்னொருத்தி போர்த்திக்கொண்டாள், மாப்பிள்ளையின் அக்கா மேடையிலிருந்து குதித்தாள். அங்கி கிடைக்காதவர்கள் மேஜை விரிப்பை உருவித் தலையில் போட்டுக்கொண்டார்கள். நஜ்மியாவும் கழுத்தில் இரண்டு காமிரா தொங்க, தன் முக்காட்டைத் தேடித் தரையில் தவழ்ந்தாள்.

எல்லாரும் போர்த்தி முடித்து நிமிர்ந்து பார்த்தபோது, மாப்பிள்ளை முஹன்னத் இருக்கையில் உட்கார்ந்திருந்தான்.

வெள்ளை உடுப்பு, தோளில் போர்த்திய அங்கி, தலையில் கருப்புத் தொப்பி. இந்தக் களேபரத்தில் அவன் வந்ததை ஒருத்தியும் கவனிக்கவில்லை. பிறகு யாரோ குலவையிட, ஹால் முழுக்கக் குலவை.

"நல்லவேளை, மூடிக்கிட்டோம்!" என்று பெரியம்மா நெஞ்சைத் தடவிக்கொண்டாள். "அந்த மிஷினு முன்கூட்டியே சொல்லிடுச்சு பாரேன்!"

நஜ்மியா புதுசை உயர்த்தினாள். மஞ்சள் கட்டம் முஹன்னத்தின் கண்ணில் அச்சடித்தது போல உட்கார்ந்திருந்தது. இன்னொரு கட்டம், இன்றைக்கு முதல் தடவையாக, ரிஹாமின் கண்ணில் விழுந்தது. நஜ்மியா சிரித்துவிட்டாள். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது, ஆனாலும் சிரித்தாள்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் பொண்ணு பக்கம் சாயுங்க. அப்படியே. கையப் புடிங்க."

அவன் ஒன்றும் பேசவில்லை. முந்நூறு பெண்கள் நடுவே எந்த மாப்பிள்ளைக்குத்தான் வாய் வரும்?

"கை சில்லுனு இருக்கே" என்று ரிஹாம் கிசுகிசுத்தாள்.

"வண்டியில ஏசியப் போட்டுட்டு வந்திருப்பாரு" என்றாள் சுகைனா, தனக்கே தைரியம் சொல்வது போல.

நாற்பது படம். ஒவ்வொன்றும் பளிச். இமை முடி எண்ணலாம். ஹஜ்ஜா மர்தியா காமிராவை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மை கரைந்த கன்னம்கூட அழகாகத்தான் இருந்தது. "மாஷா அல்லாஹ். ஹால் உனக்குத்தாம்மா. அந்த டப்பாவ இனிமே வீட்டுல வச்சுப் பூட்டு" என்றாள்.

நஜ்மியாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சுகைனாவைக் கட்டிக்கொண்டாள். மேடையில் முஹன்னத் எழுந்தான். ரிஹாமும் எழுந்தாள். அந்த ஹாலில் மணமக்கள் மேடைக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கதவு வழியாகத்தான் வண்டிக்குப் போவது வழக்கம். மேளப் பெண்கள் வழியனுப்பும் பாட்டை எடுத்தார்கள். ரிஹாம் ஒருமுறை திரும்பித் தாயைப் பார்த்துக் கையசைத்தாள். கதவு மூடிக்கொண்டது.

ஹஜ்ஜா கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மஸ்ஊதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் ஹஜ்ஜாவின் போன்.

"ஹஜ்ஜா, இது தட்டுல கெடந்து அரை மணி நேரமா அலறுது. எடுத்தா நம்ம மாப்பிள்ளை முஹன்னத்து. ஸாவியா ஊருல பெட்ரோல் வரிசையில மாட்டிக்கிட்டாராம், வந்து சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமாம். அதுவரைக்கும் ரிஹாம வேற யார்கூடவும் அனுப்பிடாதீங்கன்னு சொல்லிச் சிரிக்கிறாரு."