கொம்பில் கட்டுப் போட்ட ரவுட்டர்

யாரையும் கேட்காமல் ஒரு பொருள் வாங்குவது என்று போன சனிக்கிழமை காலையில் முடிவு செய்தேன். யாரையும் என்றால் என் மனைவியை. கல்யாணமான பதினாறு வருஷத்தில் இந்த வீட்டுக்கு நான் தனியாகப் போய் வாங்கி வந்தது ஒரே ஒரு குடை. அதையும் அவள் மறுநாள் கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தாள்.

இந்தத் தடவை விஷயம் வேறு. பிழைப்பு சம்பந்தப்பட்டது.

நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறேன். அடிபட்ட வண்டிகளின் போட்டோவைப் பார்த்து, சொல்லப்பட்ட கதை உண்மையா பொய்யா என்று கண்டுபிடிப்பது என் வேலை. மாடு முட்டிவிட்டது என்று எழுதி அனுப்புவார்கள். அது மாடு இல்லை, சொந்த வீட்டு கேட் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன். இருபது வருஷ அனுபவம். என்னை யாரும் ஏமாற்ற முடியாது. இதை ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் எங்கள் வீட்டில் இருக்கிறாள்.

இரண்டு வருஷமாக வீட்டிலிருந்தே வேலை. பின்னறையில் என் மேஜை. வைஃபை பெட்டி கூடத்தில், மனைவியின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில். நடுவில் இரண்டு சுவர், ஒரு இரும்பு பீரோ. சிக்னல் என்னிடம் வந்து சேருவதற்குள் களைத்துவிடும். அந்தப் பெட்டி எப்படி இருக்கும் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. எங்கள் வீட்டு நடைமுறை அப்படி. நான் பின்னறையிலிருந்து "நெட் போச்சு" என்று குரல் கொடுப்பேன். அவள் எழுந்து போய் சுவிட்சை அணைத்துப் போடுவாள். ஆறு மாதத்துக்கு முன்பு பழசை எடுத்துவிட்டுப் புதுசு வைத்ததாகச் சொன்னாள். சரி என்றேன். நான் குரல் கொடுப்பது மட்டும் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை மேனேஜர் போன் செய்தார்.

"இந்த வாரம் மட்டும் மூணு மீட்டிங்ல வாயைத் திறந்தபடியே உறைஞ்சு நின்னீங்க சார். பார்க்க நல்லா இல்லை."

"நெட் பிரச்சினை சார்."

"திங்கக்கிழமை பத்து மணிக்கு ரிவ்யூ. ஒரு மணி நேரம், கேமரா போட்டு உட்காரணும். நடுவுல காணாமப் போனீங்கன்னா, செவ்வாய்லேர்ந்து தினமும் ஆபீசுக்கே வந்துடுங்க."

ஆபீசுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். போக ஒன்றே முக்கால் மணி, வர ஒன்றே முக்கால் மணி. என் வலது முழங்கால் இப்போதே படி இறங்கும்போது சத்தம் போடுகிறது. மனைவியிடம் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தவில்லை.

"கூடத்துலயே வந்து உட்காருங்களேன். பெட்டி பக்கத்துலதான இருக்கு."

"கூடத்துலயா?"

"ஏன், கூடத்துல என்ன புலியா இருக்கு?"

புலி இருந்தால்கூடப் பரவாயில்லை. கூடத்தில் சட்டைகள் இருந்தன. ஒரு பள்ளிக்கூடத்துக்கு இருநூறு யூனிபார்ம் சட்டை தைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறாள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். ஒரு சட்டைக்கு ஆறு பட்டன், அத்தனையும் கையால் தைக்க வேண்டியது. நான் கூடத்துக்குள் கால் வைத்தால் என் கையில் ஊசி வந்துவிடும். போன வருஷம் தண்ணீர் குடிக்கப் போனவன் பதினாலு காலருக்குத் தையல் பிரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். தண்ணீர் குடித்தேனா என்று ஞாபகம் இல்லை.

ஆகவேதான் அந்த முடிவு. பின்னறைக்கென்று தனியாக ஒரு வைஃபை பெட்டி, அதாவது ரவுட்டர். என் ரவுட்டர். புதுசு வாங்கினால் பில் வரும், பில் வந்தால் கேள்வி வரும். பழசாகப் பார்த்து வாங்கிவிடலாம்.

தெருக்கோடியில் மீட்டர் அண்ணன் இருக்கிறார். மின்சார ஆபீசில் மீட்டர் கணக்கெடுத்து ரிட்டையர் ஆனவர். தெருவுக்கே அவர் மீட்டர் அண்ணன்தான். வீட்டு முன்னறையில் பழைய ஃபேன், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் வாங்கி விற்கிறார். போனேன். ஒரு மடக்கு நாற்காலி விரித்துக் கிடந்தது. உட்காரப் போனேன்.

"அதுல உட்காராதீங்க தம்பி. புக் ஆயிடுச்சு."

"இதையா? ஒரு கால் கட்டையா இருக்கேண்ணே. இதை எந்த ஏமாளி வாங்கினான்?"

"ஒரு பார்ட்டி. அவங்க சாமான் ஒண்ணு எங்கிட்ட விக்கக் கிடக்கு. அது வித்ததும் நாற்காலியை எடுத்துட்டுப் போயிடுவாங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

"ரவுட்டர்."

மீட்டர் அண்ணன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். மீட்டரில் எண் ஓடுவதைப் பார்த்துப் பழகிய கண். பிறகு அலமாரிக்குக் கீழே குனிந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். ஆன்டெனா என்று இரண்டு கொம்பு. இடது கொம்பு அடியில் முறிந்து, துணியால் கட்டுப் போட்டிருந்தது.

நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன். தொழில் என்று வந்துவிட்டால் நான் வேறு ஆள்.

"கீழே விழுந்து முறிஞ்சது இல்லை. விழுந்திருந்தா மூலை நசுங்கியிருக்கும். பக்கவாட்டுல அடி வாங்கியிருக்கு. தட்டையான பொருள். செருப்பா இருக்கலாம்."

"அப்படியா தம்பி."

"கட்டு பாருங்க. சட்டைக் காலருக்குள்ள வைக்கிற கேன்வாஸ் துணி. பொடிப்பொடியா தையல் போட்டிருக்கு. கைத்தொழில் தெரிஞ்ச பொம்பளை தைச்சது. உடைச்சது அவ புருஷன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. உடைச்சுட்டு அவன்பாட்டுக்கு அந்தப் பக்கம் போயிருப்பான்."

"எல்லாத்தையும் பக்கத்துல நின்னு பார்த்த மாதிரி சொல்றீங்களே."

"அனுபவம்ணே. விலை என்ன?"

"நான் சொல்ல முடியாது. பார்ட்டியைக் கேக்கணும்." போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்த இடைவெளியில் நானும் மனைவிக்குப் போன் போட்டேன். காய்கறி வாங்க நேரமாகும் என்று ஒரு பொய் சொல்லி வைக்கலாம் என்று எண்ணம். வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பதாக வந்தது. நல்லதாகப் போயிற்று. அவள் பேச ஆரம்பித்தால் லேசில் வைக்க மாட்டாள்.

மீட்டர் அண்ணன் வெளியே வந்து ஒரு விலை சொன்னார். நான் பாதி கேட்டேன். மறுபடி உள்ளே போனார். மறுபடி மனைவிக்குப் போட்டேன். மறுபடி பேச்சு.

"பாதிக்கெல்லாம் கிடையாதாம் தம்பி. சொன்ன விலையில ஒரு சல்லி குறையாதாம்."

"பலே ஆளா இருக்காங்களே."

"ஒயர் வேணும்னா சும்மாவே தர்றாங்களாம். ஆனா திருப்பிக் கொடுக்கக் கூடாதாம். அதை ரெண்டு தடவை சொல்லச் சொன்னாங்க."

கூடத்துப் பெட்டியிலிருந்து பின்னறை வரைக்கும் இழுக்க நீள ஒயர் வேண்டும்தான். ஒயரை நேராக லேப்டாப்பில் சொருகலாம் என்றால் ஆபீஸ் கொடுத்த லேப்டாப் தட்டு மாதிரி மெலிசு, அதில் ஒயருக்கு ஓட்டையே கிடையாது. ஆகவே ஒயரை ரவுட்டரில் சொருகி, ரவுட்டரிலிருந்து சிக்னலை நான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒயர் இனாம் என்றதும் எனக்கு மனசு இளகிவிட்டது. வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, சண்டைக்குத் தயாராகி, பெட்டியைக் கூடத்து மேஜையில் வைத்தேன்.

"ரவுட்டர் வாங்கியிருக்கேன். செகண்ட் ஹேண்ட். பின்னறைக்கு."

"அப்படியா. நல்ல காரியம் பண்ணீங்க" என்றாள்.

அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை. ஏன், எதற்கு, யாரைக் கேட்டீங்க, ஒன்றும் இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் பதினாறு வருஷத்தில் முதல் முறையாகப் பாராட்டு வாங்கினவனுக்கு மூளை வேலை செய்யாது. ஸ்டூல் போட்டு ஏறி ஒயரைச் சுவரோரமாக இழுத்தேன். அவளே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"கொம்புல என்னங்க கட்டு?"

மீட்டர் அண்ணனிடம் சொன்னதை இன்னும் விரிவாகச் சொன்னேன். செருப்பு, கேன்வாஸ், கைத்தொழில் தெரிந்த மனைவி, ஒன்றும் தெரியாத புருஷன்.

"எதுக்குங்க அந்த ஆள் பெட்டியைச் செருப்பால அடிக்கணும்?"

"பெட்டியை அடிச்சிருக்க மாட்டான். அது மேல ஏதாவது பூச்சி உட்கார்ந்திருக்கும்."

"கரப்பான்பூச்சியா இருக்குமோ?"

"இருக்கும். கரப்பானும் தப்பிச்சிருக்கும்."

"ஆமா, தப்பிச்சிருச்சு" என்றாள். பிறகு, "தப்பிச்சிருக்கும்" என்றாள்.

சுவிட்சைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. லேப்டாப்பைத் திறந்தேன். பாஸ்வேர்டே கேட்காமல் தானாகச் சேர்ந்துகொண்டது. என் போனும் அப்படியே. எனக்கே ஆச்சரியம்.

"பார்த்தியா, பாஸ்வேர்டுகூடக் கேக்கலை."

"உங்க முகராசி" என்றுவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள்.

ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தேன். வீடியோ தண்ணீர் மாதிரி ஓடியது. திங்கட்கிழமைக்குப் புதுசாக இருக்கட்டும் என்று அணைத்து, மேலே ஒரு துணி போட்டு மூடி வைத்தேன்.

திங்கட்கிழமை. சலவைச் சட்டை, தலை வாரி, பின்னறைக் கதவைச் சாத்தி, பத்து மணிக்கு உட்கார்ந்தேன். திரையில் பதினோரு முகம். என் முகம்தான் பளிச்சென்று இருந்தது. முதல் பத்து நிமிஷம் பிரமாதம். பதினோராவது நிமிஷம் மேனேஜர், "அடுத்து நம்ம சீனியர் சொல்வார்" என்று என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறந்தேன். பச்சை விளக்கு சிவப்பானது. திரையில் நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

இருபது வருஷ அனுபவம் ஒன்றும் முன்னால் வரவில்லை. பழக்கம்தான் முன்னால் வந்தது.

"நெட் போச்சு" என்று கத்தினேன்.

கூடத்திலிருந்து பழக்கப்பட்ட குரலிலேயே பதில் வந்தது. "சுவிட்சை அணைச்சு, அஞ்சு நிமிஷம் ஆற விட்டுப் போடுங்க. அது எப்பவுமே பத்து நிமிஷத்துக்கு மேல தாங்காது, சூடாயிடும். அதுக்குத்தான எடுத்துக் கடாசினேன். கொம்பை ஆட்டாதீங்க. நீங்க கரப்பான்பூச்சிய அடிச்ச அன்னைக்கே அது ஆடிப்போச்சு."

நான் பெட்டியைப் பார்த்தேன். பெட்டி என்னைப் பார்த்தது. மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடத்தில், கையில் செருப்போடு நான் நின்றது ஞாபகம் வந்தது. அடித்துவிட்டு அந்தப் பக்கம் போனதும் ஞாபகம் வந்தது. பாஸ்வேர்ட் கேட்காத காரணமும் புரிந்தது. என் வீட்டுப் பெட்டி என்னிடம் எதற்குப் பாஸ்வேர்ட் கேட்கும்?

போன் அடித்தது. மேனேஜர்.

"ரெண்டு நிமிஷம் தர்றேன் சார். இல்லைன்னா நாளைக்கு ஆபீஸ்ல பார்ப்போம்."

வெட்கப்பட நேரமில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் மேஜை காலியாகத் துடைத்து வைத்திருந்தது. மேஜைக்கு முன்னால் ஒரு மடக்கு நாற்காலி விரித்துக் கிடந்தது. ஒரு கால் கட்டை. அதற்கு அடியில் மரத்துண்டு வைத்துச் சமன் செய்திருந்தாள். என் காசில் வந்த நாற்காலி. எந்த ஏமாளி வாங்கினான் என்பதும் தெரிந்துவிட்டது. உட்கார்ந்தேன்.

மேஜையின் கீழ்ப்பக்கம், கேமராவுக்குத் தெரியாத உயரத்தில், முக்காலி மேல் சட்டைக் குவியல். கிண்ணத்தில் பட்டன். நூல் கோத்த ஊசி.

நான் அவளைப் பார்த்தேன். மீட்டிங்குக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாதென்று மெஷினைக்கூட நிறுத்திவிட்டு, தரையில் உட்கார்ந்து கையால் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். முதுகு வளைந்திருந்தது. கண் சிவந்திருந்தது. கோபப்படலாம் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. ஊசியை எடுத்தேன்.

ஐம்பது நிமிஷமும் நெட் ஒரு நொடிகூட நிற்கவில்லை. என் முறை வந்தபோது பேசினேன். மற்ற நேரமெல்லாம் குனிந்த தலை நிமிரவில்லை. கடைசியில் மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு சொல்லணும். இன்னைக்கு மீட்டிங்ல பாதிப் பேர் போனை நோண்டிட்டு இருந்தீங்க. நம்ம சீனியர் ஒருத்தர்தான் குனிஞ்ச தலை நிமிராம கடைசி வரைக்கும் குறிப்பு எடுத்தார். நான் கவனிச்சேன். சார், நீங்க ஆபீசுக்கெல்லாம் வர வேண்டாம். இனிமே எல்லா மீட்டிங்கும் இதே இடத்துல உட்காருங்க."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஊசி குத்திவிட்டது.

லேப்டாப்பை மூடினேன். வேலை தப்பியது, முழங்கால் தப்பியது. மனைவி எழுந்து வந்து நான் முடித்த சட்டைகளை எண்ணினாள். ஏழு. பட்டன்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"கோபமாங்க?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன். உண்மையாகவே இல்லை.

"அப்ப சரி. அடுத்த மீட்டிங் கொஞ்சம் பெரிசா வைக்கச் சொல்லுங்க. இன்னும் எழுபது சட்டை இருக்கு."